ராஜபாளையத்தில் காரச் சாப்பாடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா... நடுவில் ரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது?

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வெள்ளை வேட்டை நாய். அடுத்து, நூல் மில்கள். சீஸனில் போனவர்கள் சப்பட்டை மாம்பழத்தைச் சொல்வார்கள். மதியம் ஒரு மணிக்குப் பசியோடு போய் இறங்கியவர்கள் மட்டும் வேறொன்றைச் சொல்வார்கள்... காரம்!

மதுரையில் பஸ் ஏறினால் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம். சென்னைக்காரர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால், காலையில் கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மேற்குத் தொடர்ச்சி மலை நின்றுகொண்டிருக்கும். விருதுநகர் மாவட்டத்தை இரண்டு நிலமாகப் பிரித்துவிடலாம். மலையை ஒட்டிய ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தென்னையும் மாவும் நெல்லுமாகப் பச்சை. கிழக்கே சாத்தூர், விருதுநகர் பக்கம் போகப் போக கரிசல், வானம் பார்த்த பூமி. வத்தல் அங்கிருந்து வருகிறது. அதைச் சாப்பிடும் நாக்கு இங்கே காத்திருக்கிறது.

விருதுநகர், வத்தலுக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்கிற ஊர் என்று பெயர் வாங்கியது. இங்கே வரும் சம்பா வத்தல் நீளமாக, ஒல்லியாக இருக்கும். காரம் மூக்கில் ஏறும். பக்கத்து ராமநாதபுரத்து முண்டு வத்தல் குண்டாக, தோல் தடித்து இருக்கும். முண்டு வத்தலுக்கு 2023-லும், விருதுநகர் சம்பா வத்தலுக்கு 2025-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. மூட்டையைப் பிரித்துக் கொட்டும் இடத்தில் புதிதாக நுழைபவர் ஒரு நிமிடம்கூட தும்மாமல் நிற்க முடியாது. அங்கேயே வேலை பார்ப்பவர்கள் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வத்தல்தான் ராஜபாளையத்து ஹோட்டலில், வாழை இலையில், நாட்டுக்கோழிக் குழம்பாக வந்து விழுகிறது. மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குச் சிவந்த எண்ணெய். முதல் கவளத்தில் காது சூடாகும். மூன்றாவது கவளத்தில் நெற்றி வியர்க்கும். பக்கத்து இலைக்காரர் அசராமல் இன்னொரு கரண்டி குழம்பு கேட்பார்.

விஜயநகர ஆட்சிக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த ராஜுக்கள் உருவாக்கிய ஊர் என்பதால், 'ஆந்திரா காரம்தான் இங்கே கூடவே வந்துவிட்டது' என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், மிளகாய் இந்த நாட்டுக்குள் வந்ததே போர்த்துக்கீசியர் கப்பலில்தான். அதற்கு முன்பு ஆந்திராவிலும் மிளகாய் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. இருந்தது மிளகு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புதுக் காயைப் பார்த்த நம் ஆட்கள், 'மிளகு மாதிரி உறைக்கிற காய்' என்று 'மிளகாய்' ஆக்கிக்கொண்டார்கள்.

இந்தச் சாப்பாட்டைப் பார்த்து பயப்படுபவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பி.பி. மாத்திரை போடும் அப்பா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்த சித்தப்பா, 'இவ்வளவு காரம் ரத்தக்குழாய்க்கு ஆகாது' என்று சொல்லும் பாட்டி. அவர்கள் சொல்வது சரிதானா? ராஜபாளையத்தில் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறும் ஒருவருடைய உடம்புக்குள் போய்ப் பார்த்தால், விடை கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

சிவப்பு வேறு, காரம் வேறு

முதலில் ஒரு தப்பைச் சரிசெய்துவிடலாம். சிவப்பாக இருந்தால் காரம் அதிகம் என்பது பாதி பேருடைய நம்பிக்கை. மிளகாயின் சிவப்புக்குக் காரணம் கேப்சான்தின் என்ற நிறமி. காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேறொரு பொருள். கர்நாடகத்து பியாடகி மிளகாய் ரத்தச் சிவப்பாக இருக்கும், காரம் குறைவு. இன்னொரு நம்பிக்கை, காரம் விதையில் இருக்கிறது என்பது. உண்மையில், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கிற வெளிறிய நரம்பு போன்ற பகுதியில்தான் கேப்சைசின் உற்பத்தியாகிறது. விதை அதன் மேல் உரசி உரசிக் காரத்தை வாங்கிக்கொள்கிறது.

கேப்சான்தின், கேப்சைசின் இரண்டுமே எண்ணெயில் கரையும். தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். குழம்பின் மேலே மிதக்கும் அந்தச் சிவப்பு எண்ணெயில் நிறமும் காரமும் சேர்ந்து குடியிருப்பது இதனால்தான். உறைக்கிறதே என்று தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் காரம் குறையாமல் வாய் முழுக்கப் பரவுவதும் இதனால்தான்.

இந்தப் பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து 'கேப்சைசின்' என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேயரான ஜான் தெரெஷ். ஆண்டு, 1876. மிளகாயின் காரத்தை அளக்க அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் ஒரு வழி கண்டுபிடித்தது 1912-ல். மிளகாய்ச் சாற்றை சர்க்கரைத் தண்ணீரில் கலந்துகொண்டே போய், சுவைப்பவரின் நாக்குக்கு உறைப்பு தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு கலக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணினார். அன்றைக்கு நாக்குதான் மீட்டர்.

வாயில் ஒரு தீ அலாரம்

இலையில் உட்கார்ந்திருப்பவரின் நெற்றி வியர்த்ததே, அதற்கு வருவோம். இங்கிலீஷில் சூட்டுக்கும் காரத்துக்கும் 'ஹாட்' என்று ஒரே சொல். நாம் சூடு, காரம் என்று பிரித்துவைத்திருக்கிறோம். ஆனால், இரண்டுக்கும் 'வாய் எரியுது' என்றுதான் சொல்கிறோம். உடம்பும் அப்படித்தான் நினைக்கிறது.

1997-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு, கேப்சைசின் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று கண்டுபிடித்தது. வலியை உணரும் நரம்பு செல்களின் மேல்தோலில் இருக்கும் அந்தக் கதவுக்குப் பெயர், டி.ஆர்.பி.வி.1. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து, 'சுடுது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் பட்டாலும் அதே கதவு திறக்கிறது. மூளைக்கு வித்தியாசம் தெரியாது. தீப்பிடித்துவிட்டதாக நினைத்து வியர்வையைத் தெளிக்கிறது. மூக்கில் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காகவும் இதன் தொடர்ச்சிக்காகவும் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தொடு உணர்வு பற்றி ஆராய்ந்த ஆர்டெம் படபூடியனுடன் பகிர்ந்துகொண்டார்.

கதை நாக்கோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. இதே கதவு இன்னொரு இடத்திலும் இருக்கிறது... ரத்தக்குழாயின் உள்சுவரில்!

ஒற்றை செல் சுவர்

நம் உடம்பில் ஓடும் எல்லா ரத்தக்குழாய்களுக்கும் உள்பக்கம் ஒரு பூச்சு உண்டு. ஒரே ஒரு செல் பருமன்தான். எண்டோதீலியம் என்பார்கள். ரொம்ப காலம் வரை, ரத்தம் ஒழுகாமல் இருக்க ஒட்டிய பிளாஸ்டிக் காகிதம் மாதிரிதான் இதை நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1980-ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்கோட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனை அதை மாற்றியது. உள்பூச்சு இருக்கும் துண்டில் ஒரு குறிப்பிட்ட மருந்தை விட்டால் குழாய் தளர்ந்து விரிந்தது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு அதே மருந்தை விட்டால் விரியவில்லை. அப்படியானால், விரியச் சொல்லி உத்தரவு போடுவது அந்த ஒற்றை செல் பூச்சுதான்.

அந்த உத்தரவு ஒரு வாயு. பெயர், நைட்ரிக் ஆக்ஸைடு. சில விநாடிகளே உயிரோடு இருக்கும். உள்பூச்சு செல்லில் உருவாகி, பக்கத்தில் இருக்கும் தசைக்குள் நுழைந்து, 'பிடியைத் தளர்த்து' என்கிறது. தசை தளர்ந்தால் குழாய் விரியும், ரத்தம் சுலபமாக ஓடும், அழுத்தம் இறங்கும். இதைக் கண்டுபிடித்ததற்கு ஃபர்ச்கோட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-ல் நோபல்.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தருகிறாரே சார்பிட்ரேட், அது வேலை செய்வதும் இந்த நைட்ரிக் ஆக்ஸைடு வழியாகத்தான். அதற்கு முன்னோடியான நைட்ரோகிளிசரின், டைனமைட்டில் இருக்கும் அதே சரக்கு. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய வலிக்கு டாக்டர்கள் அதைத்தான் மருந்தாகச் சொன்னார்கள். பக்கத்தில் பட்டாசுக்குப் பேர்போன சிவகாசியை வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

சரி, மிளகாய் எங்கே வருகிறது?

சீனாவில் சோங்சிங் என்றொரு ஊர். காரத்தில் அந்த நாட்டின் ராஜபாளையம் என்றே சொல்லலாம். கொதிக்கும் சட்டியில் வத்தல் மிதக்க மிதக்கச் சாப்பிடும் ஹாட்பாட் அங்கேதான் பிரபலம். அந்த ஊரில் இருக்கும் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூ ஜிமிங் குழு, 2010-ல் 'செல் மெட்டபாலிசம்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. எலிகளுக்கு மாதக்கணக்கில் உணவில் கேப்சைசின் கலந்து கொடுத்தார்கள். உள்பூச்சு செல்லில் இருக்கும் டி.ஆர்.பி.வி.1 கதவு திறந்தது. அதன் வழியாக கால்சியம் உள்ளே பாய, நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கும் என்ஸைம் சுறுசுறுப்பானது. குழாய்கள் நன்றாகத் தளர்ந்தன. பிறவியிலேயே பி.பி. உள்ள எலிகளுக்கும் ரத்த அழுத்தம் இறங்கியது. சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தார்கள். டி.ஆர்.பி.வி.1 மரபணுவே இல்லாத எலிகளுக்கும் அதே உணவைக் கொடுத்தார்கள். அவற்றுக்கு ஒரு மாற்றமும் இல்லை. கதவு இல்லாத வீட்டில் தட்டி என்ன பயன்?

ஆக, பாட்டி பயந்த அதே காரம், ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் போனால் எரிப்பதில்லை, தளர்த்துகிறது. குறைந்தபட்சம் எலியில்.

பஸ் ஏறியாச்சு

கை கழுவிவிட்டு, ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். நின்று நின்று போனாலும் அரை மணி நேரம். பஸ் கிளம்பக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி.

இந்த முக்கால் மணிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. தாய்லாந்தில் ஆரோக்கியமானவர்களுக்கு 5 கிராம் மிளகாயைக் கொடுத்து, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். சாப்பிட்ட 47 நிமிடத்தில் ரத்தத்தில் கேப்சைசின் உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சமே மிகக் குறைவு. ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டரை நானோகிராம் அளவுதான். அதற்குப் பிறகு, ஏறக்குறைய 25 நிமிடத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போனது. கல்லீரல் அதை வேகமாக உடைத்துவிடுகிறது. ராஜபாளையத்தில் சாப்பிட்டவரின் ரத்தத்தில் மிளகாய் உச்சத்தில் இருக்கும்போது, அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்டாளைச் சேவித்துவிட்டு வெளியே வருவதற்குள் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

எனவே, ஒரு நாள் காரமாகச் சாப்பிட்டு ரத்தக்குழாயைச் சரிசெய்துவிட முடியாது. விஞ்ஞானிகள் பார்ப்பது, வருடக்கணக்கில் காரம் சாப்பிடும் மக்களை. அதில் மூன்று பெரிய ஆய்வுகள் முக்கியமானவை.

சீனாவில் 4,87,375 பேரைப் பல வருடம் கவனித்த ஆய்வு 2015-ல் 'பி.எம்.ஜே.' இதழில் வந்தது. வாரத்தில் ஆறேழு நாள் காரம் சாப்பிட்டவர்களிடம், வாரம் ஒரு நாள்கூடச் சாப்பிடாதவர்களைவிட மரண ஆபத்து 14 சதவிகிதம் குறைவாக இருந்தது. குடிப்பழக்கம் இல்லாதவர்களிடம் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. பச்சை மிளகாய் சாப்பிட்டவர்களிடமும் அப்படியே. 'காரமா சைடு டிஷ் இருந்தா போதும்ணே' என்று பாட்டிலோடு உட்காருபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து 2017-ல் வந்த ஆய்விலும் ஏறக்குறைய இதே அளவு வித்தியாசம். இத்தாலியின் மொலிசே பகுதியில் 22,811 பேரைச் சுமார் எட்டு வருடம் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வுதான் அதிகம் பேசப்பட்டது. வாரத்துக்கு நான்கு முறைக்கு மேல் மிளகாய் சாப்பிட்டவர்களிடம் மொத்த மரண ஆபத்து 23 சதவிகிதம் குறைவு. மாரடைப்பால் இறக்கும் ஆபத்து சுமார் 40 சதவிகிதம் குறைவு. பக்கவாதத்தால் இறக்கும் ஆபத்து பாதிக்கும் கீழே. மற்ற சாப்பாடு எப்படி இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறவில்லை.

பிரமாதம் என்று இன்னொரு இலை போடச் சொல்வதற்கு முன், ஒரு நிமிடம். இவை எல்லாம் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். காரம் சாப்பிட்டவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று காட்டுகின்றன. காரத்தால்தான் வாழ்ந்தார்கள் என்று காட்டவில்லை. காரம் சாப்பிடத் தெம்பு இருப்பவர்களுக்கு முதலிலேயே உடம்பு நன்றாக இருந்திருக்கலாம். வயிற்றில் புண், நெஞ்செரிச்சல், மூலம் இருப்பவர்கள் தாங்களாகவே காரத்தை விட்டிருப்பார்கள்.

அளவு மீறினால் கதை தலைகீழாகவும் திரும்பும். ரத்தக்குழாயின் உள்பூச்சில் இருக்கும் கதவு தளர்த்துகிறது என்றால், சில குழாய்களின் வெளிப்பக்கத் தசையிலும் அதே கதவு இருக்கிறது. அங்கே அது இறுக்குகிறது! 2018-ல் ஒரு சம்பவம் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில், காரம் சாப்பிடும் போட்டியில் 'கரோலினா ரீப்பர்' என்ற அசுர மிளகாயைத் தின்ற 34 வயது இளைஞருக்கு, இடி விழுந்ததுபோல் தலைவலி. ஸ்கேனில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருந்தன. சில வாரங்களில் சரியாகிவிட்டது. 2012-ல் துருக்கியில், எடை குறைக்க மிளகாய் மாத்திரை விழுங்கிய 25 வயது இளைஞருக்கு இதயக் குழாய் சுருங்கி மாரடைப்பே வந்ததாக டாக்டர்கள் எழுதினார்கள். குழம்பில் கிடக்கும் நாலு வத்தலும், கேப்ஸ்யூலில் அடைத்த மிளகாய்ச் சத்தும் ஒன்றல்ல. யூடியூப் பார்த்து அந்த கேப்ஸ்யூலை ஆர்டர் போடுபவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

உப்பு வேறு, காரம் வேறு

பாட்டியின் பயத்துக்கு இப்போது வருவோம். அது முழுக்கத் தப்பில்லை. ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார்.

நம் பேச்சில் உப்பும் காரமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்கள். 'உப்பு காரம் சரியா இருக்கா?' என்போம். 'இந்த உடம்புல உப்பு காரம் சேருதே, சொரணை வேண்டாமா?' என்று திட்டுவோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் 'உப்பைக் குறைங்க' என்று சொன்னால், வீட்டுக்கு வருவதற்குள் அது 'உப்பு காரத்தைக் குறைக்கச் சொன்னாரு' என்று மாறிவிடுகிறது. விளைவு? குழம்பில் வத்தலைக் குறைக்கிறார்கள். சப்பென்று இருக்கிறது. சாப்பிட முடியவில்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். கடைசியில், உப்பு முன்பைவிட அதிகமாக உள்ளே போகிறது.

மோர் மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி அதே மோரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து... உப்பு உள்ளே இறங்கும்வரை இது நடக்கும். கடைசியில் எண்ணெயில் பொரிக்கிறோம். விருதுநகரின் எண்ணெய் பரோட்டா, சாத்தூர் காராச்சேவு... இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற தீனிகள் பலவற்றிலும் காரம் தனியாக வருவதே இல்லை. கூடவே உப்பும் பொரித்த எண்ணெயும் வரும். இத்தாலிக்காரர் பாஸ்தாவில் மிளகாயைக் கிள்ளிப் போடுவதும், நாம் காராச்சேவைக் கொறிப்பதும் ரத்தக்குழாய்க்கு ஒரே விஷயம் ஆகாது.

ஏனென்றால், உப்பு போய் நிற்பதும் அதே ஒற்றை செல் சுவரில்தான். உணவில் உப்பு கூடக் கூட, உள்பூச்சு செல்கள் நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிப்பதைக் குறைக்கின்றன. குழாய் விறைக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதம், குழம்பு, ரசம், பொரியல், மோர், ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் போட்டதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு டீஸ்பூன் எங்கே நிற்கும்?

சோங்சிங் குழுவே 2017-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. நம் சமையலறைக்கு எலி ஆய்வைவிட இதுதான் நெருக்கமானது. 606 பேரிடம் உப்பு, கார ருசியைச் சோதித்தார்கள். காரம் பிடிக்காதவர்களைவிட, காரம் ரொம்பப் பிடித்தவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் 8 புள்ளியும், கீழ் அழுத்தம் 5 புள்ளியும் குறைவாக இருந்தன. அவர்கள் தினமும் சாப்பிட்ட உப்பும் சுமார் இரண்டரை கிராம் குறைவு. மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, உப்புக்கு விழித்துக்கொள்ளும் பகுதியும் காரத்துக்கு விழித்துக்கொள்ளும் பகுதியும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. காரம் அந்த இடத்தை ஏற்கெனவே உசுப்பிவிடுவதால், கொஞ்சம் உப்பே நிறைய உப்பு மாதிரி தெரிகிறது.

அதாவது, காரத்தை அப்படியே வைத்துக்கொண்டு உப்பைக் குறைத்தால் நாக்கு அவ்வளவாகக் கண்டுபிடிக்காது. நாம் பல வீடுகளில் செய்துகொண்டிருப்பது அதற்கு நேர் எதிர். வயிறு ஒத்துழைக்கும் பி.பி.காரர் ஒருவருக்கு, ராஜபாளையத்துக் குழம்பில் வத்தல் இருக்கட்டும், உப்பு பாதியாகட்டும், மேலே மிதக்கும் எண்ணெய் சட்டியிலேயே நிற்கட்டும் என்பதுதான் சரியான பேரமாகத் தெரிகிறது. பி.பி. மாத்திரைக்கு இது மாற்று கிடையாது. அதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

கிளிக்கு உறைக்காது

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். உள்ளே ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி, இலைகளும் பூக்களும் கொண்டு தினமும் புதிதாகக் கட்டப்படுவது. பக்தர்கள் பிரசாதமாக வாங்கிப்போக ஆசைப்படும் கிளி அது.

கிளி என்றதும் மிளகாய் ஞாபகம் வந்தே தீரும். வீட்டில் கிளி வளர்த்தவர்களுக்குத் தெரியும், நாம் கண் கலங்குகிற மிளகாயை அது ரசித்துக் கொறிக்கும். காரணம், பறவைகளுக்கும் டி.ஆர்.பி.வி.1 இருக்கிறது, சூடு உணரும். ஆனால், கேப்சைசின் அந்தக் கதவைத் திறக்க முடியாதபடி அதன் அமைப்பு சற்று மாறியிருக்கிறது. மிளகாய்ச் செடிக்கு இதில் லாபம் உண்டு. விதையைக் கடித்து நொறுக்கும் எலி, அணில் வகையறாக்களைக் காரம் துரத்திவிடுகிறது. காட்டு மிளகாயை முழுங்கி விதையைச் சேதமில்லாமல் வேறிடத்தில் போடும் பறவைகளை அது தொந்தரவு செய்வதில்லை. ஊருக்கு மேற்கே மலையில் இருக்கும் சாம்பல் நிற அணில்களும் பாலூட்டிகள்தான். அவற்றுக்கும் மிளகாய் நம்மைப் போலவே உறைக்கும்.

கோயிலைச் சுற்றியும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் பால்கோவாக் கடைகள். பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராத இந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜபாளையத்தில் காரம் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து பால்கோவா வாங்குபவர், தெரியாமலே நல்ல காரியம் செய்கிறார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தில் 2019-ல் ஒரு சோதனை நடந்தது. காரமான பானத்தைக் குடிக்கச் சொல்லி, பிறகு ஏழு வகைப் பானங்களைக் கொடுத்து, எது எரிச்சலைத் தணிக்கிறது என்று கேட்டார்கள். பால்தான் ஜெயித்தது. கொழுப்பு நீக்கிய பாலும் கொழுப்புள்ள பாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்ததால், கொழுப்பைவிடப் பாலிலுள்ள கேசின் என்ற புரதம்தான் கேப்சைசினைப் பிடித்து இழுக்கிறது என்று நினைக்கிறார்கள். இனிப்பான பழ பானமும் நன்றாகவே தணித்தது. சோடாவும் பீரும் உதவவில்லை. பால்கோவா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், கேசினும் இனிப்பும் சேர்ந்து சுண்டிய பொருள் அதைத் தவிர வேறென்ன?

சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கு இந்த வைத்தியம் சரிப்படாது. ரத்தத்தில் கூடுகிற சர்க்கரையும் அந்த உள்பூச்சு செல்களைத்தான் முதலில் பதம் பார்க்கிறது. அவர்களுக்கு, ஒரு டம்ளர் மோர் போதும். கேசின் அதிலும் இருக்கிறது. என்ன, இந்தப் பக்கத்து மோர்க் கடைகளில் பெரும்பாலும் பானையிலேயே உப்பைக் கலக்கி வைத்துவிடுவார்கள். முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வேண்டும்... "அண்ணே, உப்பு போடாத மோர் இருக்கா?"